சிறுகோள்கள் பெயர் பெற்ற வரலாறு



ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று வீடே கூடிப் பேசுகிறது. பாட்டி குலதெய்வத்தின் பெயரைச் சொல்வார். தாத்தா தம் தந்தையின் பெயரைச் சொல்வார். இளைஞரான மாமன் தமக்குப் பிடித்த தலைவரின் பெயரையோ நடிகரின் பெயரையோ சொல்வார். ஆக, வைத்த பெயரைக் கேட்டாலே அந்த வீட்டார் யாரை மதிக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். உலக மக்கள் அனைவரையும் ஒரே வீட்டாராக எண்ணிப் பார்ப்போம். அந்த வீட்டார் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வானத்துச் சிறுகோள்களுக்குப் பெயர் வைத்து வருகிறார்கள். அவர்கள் யார் யாரை மதித்தார்கள், அந்த மதிப்பு காலப்போக்கில் எப்படி மாறி வந்தது என்பதை இன்றைய பேச்சில் காண்போம்.

முதலில் சிறுகோள் என்றால் என்ன? நாம் வாழும் பூமியைப் போலவே செவ்வாய், வியாழன் முதலிய கோள்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. செவ்வாயின் பாதைக்கும் வியாழனின் பாதைக்கும் இடையே ஒரு பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் கல்லும் உலோகமுமான எண்ணற்ற துண்டுகள் கதிரவனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றையே சிறுகோள்கள் என்கிறோம். சில பெரியவை; பல ஒரு குன்றின் அளவே உள்ளவை. வேறு சில நம் பூமியின் பாதைக்கு அருகிலும் வந்து போகின்றன.

இவற்றுள் முதலாவது அகப்பட்ட நாள் 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி. இத்தாலி நாட்டின் தெற்கே சிசிலி என்றொரு தீவு இருக்கிறது. அங்கே பலெர்மோ நகரில் பியாசி என்னும் பாதிரியார் ஒருவர் விண்மீன்களின் இடத்தை அளந்து அட்டவணை எழுதி வந்தார். அன்றிரவு கண்ட ஒரு புள்ளி மறுநாள் சற்று இடம் மாறியிருந்தது. விண்மீன் அப்படி நகராது. எனவே அது கதிரவனைச் சுற்றும் ஒரு பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். பிப்ரவரி 11 வரை அதைத் தொடர்ந்து அளந்தார். பிறகு அவர் நோயுற்றார். அந்தப் புள்ளியும் கதிரவனின் ஒளிப்பக்கம் போய் மறைந்துவிட்டது.

மறைந்ததை மீண்டும் எங்கே தேடுவது? ஜெர்மனியில் காஸ் என்னும் இளைஞர் இருந்தார். அப்போது அவருக்கு வயது 24. பியாசி விட்டுச் சென்ற சில வாரக் குறிப்புகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பொருள் ஓடும் பாதை இதுவே என்று அவர் கணக்கிட்டுச் சொன்னார். அவர் சொன்ன இடத்திற்கு அருகிலேயே, அதே ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, வானநூலார் அதை மீண்டும் கண்டார்கள். கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதிய விடையாகும்.

பியாசி அதற்குச் சீரிஸ் பெர்டினாண்டியா என்று பெயர் வைத்தார். சீரிஸ் என்பது பழைய உரோமர்கள் வணங்கிய பயிர்த் தெய்வம். சிசிலித் தீவுக்குக் காவல் தெய்வம். தானிய உணவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சீரியல்' என்ற சொல் அந்தத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்ததே. பெர்டினாண்டு என்பவர் அந்த நாட்டு மன்னர். ஒரு பெயரிலேயே தெய்வத்தையும் மன்னரையும் மகிழ்விக்கப் பார்த்தார் பியாசி. மற்ற நாட்டார் மன்னர் பெயரை ஏற்கவில்லை. உங்கள் அரசரை நாங்கள் ஏன் வானத்தில் சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். பிற்பாதி உதிர்ந்து, சீரிஸ் என்ற தெய்வப் பெயர் மட்டும் நிலைத்தது. சீரிஸின் குறுக்களவு ஏறத்தாழ 940 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லை வரை போகும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளத்தைவிட அது அதிகம். 2006-ஆம் ஆண்டு முதல் சீரிஸைக் குறுங்கோள் என்ற வகுப்பிலும் சேர்த்திருக்கிறார்கள்.

சீரிஸைத் தொடர்ந்து 1802-இல் பல்லாஸ், 1804-இல் ஜூனோ, 1807-இல் வெஸ்டா ஆகியவை அகப்பட்டன. மூன்றும் பெண் தெய்வங்களின் பெயர்களே. வெஸ்டாவைக் கண்டவர் ஓல்பெர்ஸ் என்னும் மருத்துவர். பெயர் வைக்கும் உரிமையை அவர் தாம் வைத்துக்கொள்ளாமல் காஸுக்கு விட்டுக்கொடுத்தார். கணக்குப் போட்டுத் தந்தவருக்கு அவர் செய்த மரியாதை அது.

அதன் பிறகு 38 ஆண்டுகள் புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. பலர் தேடுவதையே விட்டுவிட்டார்கள். ஆனால் ஜெர்மனியில் அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹென்கே என்பவர் விடவில்லை. பதினைந்து ஆண்டுகள் தனியாகத் தேடி, 1845-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்தாவது சிறுகோளைக் கண்டார். அதற்கு அஸ்ட்ரேயா என்று நீதித் தெய்வத்தின் பெயர் சூட்டப்பட்டது. பட்டமோ பெரிய பதவியோ இல்லாத ஒருவரின் பொறுமைதான் அடைத்திருந்த கதவைத் திறந்தது. அதற்குப் பிறகு புதியவை வந்துகொண்டே இருந்தன.

கதவு திறந்ததும் பெயர்ச் சண்டையும் தொடங்கியது. 1850-இல் லண்டனில் ஹைண்ட் என்பவர் பன்னிரண்டாவது சிறுகோளைக் கண்டு விக்டோரியா என்று பெயரிட்டார். அப்போது இங்கிலாந்தை ஆண்ட அரசியாரின் பெயரும் விக்டோரியாதான். உயிரோடிருக்கும் அரசியை வானத்தில் ஏற்றலாமா என்று அமெரிக்க வானநூலார் எதிர்த்தார்கள். விக்டோரியா என்பது உரோமர்களின் வெற்றித் தெய்வத்தின் பெயருங்கூட என்று விடை சொல்லப்பட்டது. கடைசியில் அந்தப் பெயரே நிலைத்தது.

1852-இல் ஊர்ப் பெயர்கள் உள்ளே வந்தன. இருபதாவது சிறுகோளுக்கு மஸ்ஸாலியா என்று பெயர். அது பிரான்சு நாட்டு மார்செய் நகரத்தின் பழம் பெயர். இருபத்தொன்றாவதற்கு லுட்டீசியா என்று பெயர். அது பாரிஸ் நகரத்தின் பழம் பெயர். லுட்டீசியாவைக் கண்ட கோல்ட்ஸ்மிட் தொழிலால் ஓர் ஓவியர். பாரிஸில் தம் வீட்டு மாடத்திலிருந்தே தொலைநோக்கியால் பார்த்து, வாழ்நாளில் 14 சிறுகோள்களைக் கண்டார். 2010-ஆம் ஆண்டு ரோசெட்டா என்னும் விண்கலம் அந்த லுட்டீசியாவின் அருகே சென்று படம் எடுத்து அனுப்பியது.

ஐயத்திற்கு இடமில்லாமல் ஒரு மனிதருக்காக வைத்த முதற்பெயர் 1857-இல் வந்த யூஜீனியா. பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியனின் துணைவியார் பெயர் அது. அந்த நாளில் சிறுகோள் என்றால் பெண் பெயர்தான் என்பது வழக்கம். ஹும்போல்ட் என்னும் பெரும் அறிஞரைப் பெருமைப்படுத்த விரும்பியவர்கள்கூட, அவருடைய அலெக்சாண்டர் என்ற பெயரை அலெக்சாண்ட்ரா என்று பெண்பாலாக்கித்தான் வைத்தார்கள். 1898-இல் வந்த ஈராஸ்தான் ஆண் பெயர் பெற்ற முதற்சிறுகோள்.

நேயர்களே, இவ்வரலாற்றில் நம் முன்னோர் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் கட்டிய வானாய்வு நிலையம் ஒன்று இருந்தது. 1861-ஆம் ஆண்டு அதன் தலைமைக்கு இங்கிலாந்திலிருந்து போக்சன் என்பவர் வந்து சேர்ந்தார். வந்த சில வாரங்களிலேயே, ஏப்ரல் 17-ஆம் தேதி, ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலில் கண்டது என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். அதன் எண் 67. பின்னர் 1864-இல் பழைய கிரேக்கப் பெண்பாற் புலவரான சாப்போவின் பெயரால் ஒன்றும், 1866-இல் சில்வியாவும், 1868-இல் கமில்லாவும், 1885-இல் வேராவும் சென்னை வானிலேயே அகப்பட்டன.

அதே நிலையத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் உதவியாளராக வேலை பார்த்தார். பஞ்சாங்கக் கணிதம் அறிந்தவர். பழைய வாய்பாட்டை மட்டும் நம்பாமல், வானத்தை நேரில் பார்த்து எடுத்த அளவுகளைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்றார். 1867-இல் ஒளி கூடியும் குறைந்தும் வரும் ஒரு விண்மீனைக் கண்டறிந்தார். 1872-இல் இங்கிலாந்து அரச வானநூற் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியர் அவரே. 1874-இல் வெள்ளிக் கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து சென்றபோது, பொதுமக்களுக்கு அதை விளக்கிப் பல மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். ஒளி மாறும் விண்மீன்களுக்கு எழுத்தும் விண்மீன் கூட்டத்தின் பெயரும்தான் சேர்த்து வைப்பார்கள். ஆகவே அவர் கண்ட விண்மீனின் பெயரில் அவர் பெயர் இல்லை. நல்ல வேலை செய்த எல்லாருக்கும் வானத்தில் பெயர் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயருக்குப் பணம் வாங்கிய காலமும் உண்டு. ஆஸ்திரிய நாட்டு வானநூலார் பலிசா, 1886-இல் வரவிருந்த கதிரவ மறைப்பைக் காணச் செல்லப் பணமில்லாமல், 1885-இல் தாம் கண்ட ஒரு சிறுகோளுக்குப் பெயர் வைக்கும் உரிமையை 50 பவுனுக்கு விற்பதாக அறிவித்தார். ரோத்சைல்டு என்னும் பெருஞ்செல்வர் அதை வாங்கித் தம் மனைவியின் பெயரை வைத்தார். 250-ஆம் எண்ணுள்ள பெட்டினா அதுதான். ஆனால் செல்வரைப் போற்றும் பெயர்கள் எல்லாமே விலைக்குப் போனவை என்று சொல்ல முடியாது. 1891-இல் ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப் என்பவர் புகைப்படக் கருவியைத் தொலைநோக்கியில் பொருத்தி முதற்சிறுகோளைப் பிடித்தார். அதற்கு புரூசியா என்று பெயர். புரூஸ் என்னும் அமெரிக்க அம்மையார் நல்ல தொலைநோக்கி ஒன்று செய்ய அவருக்கு 10,000 டாலர் கொடுத்து உதவியவர். அறிவு வளரக் கொடுத்த கைக்கு நன்றியாக அந்தப் பெயர் அமைந்தது.

புகைப்படம் வந்த பின் சிறுகோள்கள் மழை போல் வந்து குவிந்தன. 1923-இல் கண்ட ஆயிரமாவதற்குப் பியாசியா என்று, எல்லாவற்றையும் தொடங்கிவைத்த பாதிரியாரின் பெயரையே வைத்தார்கள். அடுத்த இரண்டு எண்களும் காஸுக்கும் ஓல்பெர்ஸுக்கும் போயின.

இன்று எண் பெற்ற சிறுகோள்கள் ஏழு லட்சத்திற்கும் மேல். அவற்றுள் பெயர் பெற்றவை 24 ஆயிரத்திற்கும் மேல். ஏன் இத்தனை வேறுபாடு? தோட்டத்துக் காரியத்தைக் கொண்டே இதை விளக்கலாம். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால், முதலில் கிராணி அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வார். எல்லாம் உறுதியான பிறகுதான் செக்ரோலில் ஏற்றுவார். சிறுகோளுக்கும் அப்படித்தான். கண்டவுடன் அதற்கு ஒரு தற்காலிகக் குறியீடு கொடுக்கிறார்கள். பலமுறை அளந்து அதன் பாதை உறுதியான பிறகே நிலையான எண் தருகிறார்கள். எண் வந்த பிறகே பெயர். பெயரை முன்மொழியும் உரிமை பத்தாண்டுகள் வரை கண்டவருக்கு உண்டு.

கண்டவர் சொன்னதெல்லாம் பெயராகிவிடாது. உலக வானநூல் ஒன்றியத்தின் குழு ஒன்று அதை ஆராய்கிறது. பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளியும் சேர்த்து, 16-க்கு மேல் போகக்கூடாது. சொல்ல எளிதாக இருக்க வேண்டும். பிறரைப் புண்படுத்தக் கூடாது. முன்பே உள்ள பெயரோடு குழப்பம் தரக்கூடாது. வணிகப் பெயர் கூடாது. அரசியல், போர் ஆகிய துறையினர் என்றால் அவர் இறந்து 100 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். கண்டவர் தம் பெயரையே வைத்துக்கொள்வதும் கூடாது. வால்மீனுக்குக் கண்டவர் பெயர் வரும், சிறுகோளுக்கு வராது. ஒரு முறை ஒருவர் தம் பூனையின் பெயரை வைத்துவிட்டார். அதன் பிறகு வளர்ப்புப் பிராணிகளின் பெயர் வேண்டாமென்று அறிவுரை வந்தது. பெயரோடு, அது ஏன் வைக்கப்பட்டது என்ற சிறு குறிப்பும் வெளியிடப்படுகிறது. காசுக்குப் பெயர் விற்பதும் இப்போது கிடையாது. விண்மீனுக்கு உங்கள் பிள்ளையின் பெயர் வைத்துத் தருகிறோம் என்று சொல்லிப் பணம் கேட்கும் கடைகள் உண்டு. அவர்கள் தரும் தாளை உலக வானநூல் ஒன்றியம் ஒப்புக்கொள்வதில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தை அதில் இழக்க வேண்டாம்.

இனி, இந்தப் பெயர்கள் போற்றும் மனிதர்களுள் சிலரைப் பார்ப்போம். சென்னையில் 1885-இல் வேரா அகப்பட்ட பின், இந்திய மண்ணிலிருந்து புதிய சிறுகோளைக் காண நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி, தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையத்தில் இராஜமோகன் என்னும் அறிஞர் அந்த நீண்ட இடைவெளியை முடித்துவைத்தார். அதன் தற்காலிகக் குறியீட்டில் 1988 என்ற ஆண்டும், அதை அடுத்து 'டி' என்ற எழுத்தும் வரும். 'டி' என்றால் பிப்ரவரியின் பின்பாதியில் கண்டது என்று பொருள். பிறகு அதற்கு 4130 என்ற எண் வந்தது. பெயர் இராமானுஜன். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே கணக்கில் உலகை வியக்கவைத்த அதே இராமானுஜன்தான்.

நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரால் சந்திரா என்ற சிறுகோள் உண்டு. அதன் எண் 1958. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரை 2015-இல் 4538-ஆம் சிறுகோள் பெற்றது. அவர் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதினால் இடைவெளியோடு 17 இடம் வேண்டும். வானத்தில் அது விஷியானந்த் என்று சுருங்கியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி கொலம்பியா விண்ணோடம் சிதறி எழுவர் உயிர் நீத்தனர். அவர்களுக்கு 51823 முதல் 51829 வரை ஏழு எண்களை அடுத்தடுத்து ஒதுக்கினார்கள். அவற்றுள் 51826 கல்பனா சாவ்லாவுடையது. ஒன்றாகப் போனவர்களின் பெயர்கள் பட்டியலிலும் ஒன்றாகவே நிற்கின்றன.

1942-ஆம் ஆண்டு மார்ச்சில், போர்க்காலத்தில், ஜெர்மனியில் ரைன்முத் என்பவர் ஒரு சிறுகோளைக் கண்டார். அதே ஆண்டு ஜூலையில், யூதர் குலத்தில் பிறந்த ஆன் பிராங்க் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி, அந்த ஜெர்மன் ஆட்சிக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாம் நகரில் குடும்பத்தோடு ஒளிந்து வாழத் தொடங்கினாள். ஒளிந்திருந்தபடியே நாட்குறிப்பு எழுதினாள். 1945-இல் சிறை முகாமில் இறந்தாள். அவளுக்கு இந்த உலகத்தில் ஓர் ஓரம்கூடத் தரமாட்டோம் என்று சொன்ன ஆட்சி அழிந்தது. அந்த நாட்டில் கண்ட அந்தச் சிறுகோளுக்கு 1995-இல் அவள் பெயரையே வைத்தார்கள். எண் 5535. 2002-இல் ஒரு விண்கலம் அதன் பக்கமாகச் சென்று அதைப் படமெடுத்தது.

பெண் கல்விக்காகப் பேசியதற்குத் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பிழைத்த பாகிஸ்தான் சிறுமி மலாலாவின் பெயரை 2015-இல் 316201-ஆம் சிறுகோள் பெற்றது. பெயர் வைத்த பெண் விஞ்ஞானி, பெண்களைப் போற்றும் சிறுகோள்கள் மிகக் குறைவாயிருப்பதைக் கண்டே அதைச் செய்தார். தொடக்கத்தில் பெண் தெய்வங்கள் மட்டுமே இருந்த பட்டியலில், உண்மையாக வாழ்ந்த பெண்கள் குறைவு என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

பெயர் வைப்பதிலும் சிறுவர்களுக்குப் பங்கு கிடைத்திருக்கிறது. பென்னு என்னும் சிறுகோளுக்கு 2013-இல் நடந்த போட்டியில் அந்தப் பெயரைச் சொன்னவன் அமெரிக்காவைச் சேர்ந்த ஒன்பது வயதுப் பையன். பென்னு என்பது பழைய எகிப்தியர் போற்றிய ஒரு பறவை. அந்தச் சிறுகோளிலிருந்து எடுத்த மண் 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலுள்ள ஓர் ஆய்வுக்கூடம், அறிவியல் போட்டிகளில் வெல்லும் பள்ளி மாணவர்களின் பெயரையும், அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களின் பெயரையும் தான் கண்ட சிறுகோள்களுக்கு வைத்து வந்திருக்கிறது. தெய்வத்தில் தொடங்கி, மன்னர், செல்வர், அறிஞர் என்று வந்த வரிசை பள்ளிக்கூடத்து மேசை வரைக்கும் இறங்கி வந்துவிட்டது.

இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? எண் இல்லாமல் கணக்கு நடக்காது. ஆனால் எண்ணை யாரும் நினைவில் வைத்து அன்பு செலுத்துவதில்லை; பெயரைச் சொல்லித்தான் ஒருவரை நினைக்கிறோம். நம் தோட்டங்களில் காடு அழித்து, ரப்பர் கன்று நட்டு, சாலை போட்டு மறைந்த பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் வானத்தில் இல்லை. பல இடங்களில் ஒரு கல்லில்கூட இல்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது நம் கையில் இருக்கிறது. பெற்றோர்களே, உங்கள் தாத்தா பாட்டியின் பெயரையும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பெயரோடு அதன் காரணத்தையும் எழுதி வைக்கும் வானநூலாரின் நல்ல வழக்கத்தை நம் வீட்டிலும் பின்பற்றலாம். குழந்தை பிறந்ததும் தாமதிக்காமல் பதிந்து, பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று படித்தவரைக் கொண்டு சரிபாருங்கள். ஓர் எழுத்து தவறினால் பள்ளியிலும், பின்னர் அடையாளக் கார்டு எடுக்கும்போதும் அந்தப் பிள்ளை அலைய வேண்டியிருக்கும்.

மாணவச் செல்வங்களே, பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு செல்வம் உங்களுக்கு உண்டு. விளக்கு வெளிச்சம் குறைந்த தோட்டத்து வானம் அது. வெஸ்டா என்னும் சிறுகோள் சில ஆண்டுகளில், பூமிக்கு மிக அருகே வரும்போது, இருண்ட வானத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். அது எங்கே தெரியும் என்பதை ஆசிரியரிடம் கேட்டு, விண்மீன் படத்தோடு தேடிப் பாருங்கள். நேற்று பார்த்த புள்ளி இன்று நகர்ந்திருக்கிறதா என்று குறித்து வையுங்கள். பலெர்மோவில் பியாசி செய்த வேலையும் அதுதான்.